அந்த ஒரு வெள்ளி எங்கே போகிறது? பத்தாங் பெர்ஜுந்தையில் ஒரு ஹலால் வாழை இலைக் கடை

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊரின் வாழை இலைக் கடை ஒன்றில் கோழிச் சாப்பாட்டின் விலை 8 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 9 வெள்ளிக்கு ஏறியது 2025 செப்டம்பர் மாதத் தொடக்கத்தில். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் பணம் கட்டும் மேசைக்குப் பின்னால் ஹலால் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டியிருந்தார்கள். இரண்டும் அடுத்தடுத்து நடந்ததால், ஹலால் எடுத்த செலவை நம் தலையில் கட்டிவிட்டார்கள் என்ற பேச்சு பத்தாங் பெர்ஜுந்தையில் கிளம்பியது. கோயில் வாசலிலும் சந்தையிலும் அதை நான் கேட்டேன். ஓரிரு முறை நானும் அப்படியே சொன்னேன். அந்தக் கடையில் பல ஆண்டுகளாக உண்டு வருபவள் என்ற முறையிலும், அண்மையில் அங்கே 140 பொட்டலச் சோற்றுக்குப் பணம் கட்டியவள் என்ற முறையிலும், அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதைக் கணக்கோடு எழுதுகிறேன்.

கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். கணக்குப் புத்தகத்தையே திறந்து காட்டியவரின் அந்த வேண்டுகோளை மதிக்கிறேன். பச்சைத் தகரப் பந்தல் போட்ட மூலைக்கடை என்றால் உள்ளூர்க்காரர்களுக்குப் புரிந்துவிடும்.

அரசாங்கப் பதிவில் ஊரின் பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டாலும், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களின் வாயில் அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். இந்த நாட்டில் செம்பனை வணிக நோக்கில் முதன்முதலாக நடப்பட்ட தென்னமரம் தோட்டம் இந்த வட்டாரத்தைச் சேர்ந்தது. அது நடந்தது 1917இல். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பட்டணத்துப் பக்கம் குடிவந்தபோது அவர்களை நம்பியே சாப்பாட்டுக் கடைகள் எழுந்தன, இந்தக் கடையும் அப்படி வந்ததே. உரிமையாளரின் தந்தை தோட்டத்தில் தண்டலாக, அதாவது தொழிலாளர்களை மேற்பார்ப்பவராக, இருந்தவர். தாயார் லயத்து வீட்டு அடுப்படியிலேயே பசியாறல் (காலை உணவு) செய்து விற்றவர். சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் வளாகம் இங்கே வந்த பிறகு, மதிய வேளையில் மலாய் மாணவர்கள் கடை வாசலில் நின்று ஹலால் சான்றிதழ் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு, இல்லை என்றதும் திரும்பிப் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தக் கடையில் பன்றி இறைச்சியும் மதுவும் ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால், கடைக்காரர் வாயால் சொல்வது வேறு, அதற்குச் சான்று காட்டுவது வேறு.

சான்றிதழ் எடுக்கச் சொல்லி அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. 2024 செப்டம்பரில், பன்றி இறைச்சியும் மதுவும் விற்காத உணவகங்களுக்கு ஹலால் சான்றிதழைக் கட்டாயமாக்கலாமா என்ற யோசனையை அப்போதைய சமய விவகார அமைச்சர் முகமட் நயிம் மொக்தார் வெளியிட்டபோது நாடெங்கும் விவாதம் எழுந்தது. பின்னர், அது விருப்பத்தின் பேரிலேயே தொடரும் என்று அரசாங்கம் தெளிவுபடுத்தியது. எடுப்பதும் எடுக்காததும் கடைக்காரரின் விருப்பம். எடுக்காமல் ஹலால் என்று எழுதி ஒட்டுவதுதான் குற்றம். 2012 முதல் நடப்பில் உள்ள ஆணையின்படி, மத்திய அரசின் இஸ்லாமிய மேம்பாட்டு இலாகாவான ஜாக்கிமும் மாநில இஸ்லாமிய சமய அமைப்புகளும் மட்டுமே இந்த நாட்டில் அதற்குச் சான்று வழங்க முடியும்.

இனி அந்த ஒரு வெள்ளிக்கு வருவோம்.

நான் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பொருளாளராக இருக்கிறேன். நவம்பரில் நடந்த பரிசளிப்பு விழாவுக்கு மாணவர்கள், பெற்றோர்கள், மலாய் ஆசிரியர்கள், கல்வி இலாகா விருந்தினர்கள் என்று 140 பேருக்கு உணவு தேவைப்பட்டது. எல்லாரும் ஒரே பந்தியில் உண்ண வேண்டும், எவரும் தட்டைத் தொடாமல் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது தலைமையாசிரியரின் விருப்பம். எனக்கும் அதுவே விருப்பம். கையிருப்பு 1,400 வெள்ளி. வேறு ஊரிலிருந்து வந்து சமைத்துக் கொடுக்கும் ஒருவரிடம் முதலில் விலை கேட்டேன். ஹலால் உணவு என்பதால் பொட்டலம் 14 வெள்ளி என்றார். மொத்தம் 1,960 வெள்ளி ஆகிறதே, அப்படி ஹலாலுக்கு என்னதான் கூடுதல் செலவு என்று கேட்டதற்கு, அதெல்லாம் பெரிய செலவு அக்கா என்பதற்கு மேல் அவரிடம் விளக்கம் இல்லை. சான்றிதழின் நகலைக் கேட்டபோது அனுப்பிய படத்தில் அதன் காலம் முடிந்துபோயிருந்தது. ஜாக்கிமின் ஹலால் இணையத்தளத்தில் நிறுவனத்தின் பெயரை இட்டுத் தேடிப் பார்த்தேன். அங்கும் அவர் பெயர் வரவில்லை. சங்கத்தின் பணத்தைக் கையாளும் எவரும் இந்தத் தேடலைச் செய்யாமல் முன்பணம் கொடுத்துவிடக் கூடாது.

அதன் பிறகே மூலைக்கடைக்குப் போனேன். பொட்டலம் 9 வெள்ளி 50 காசு என்றார். 14 வெள்ளி கேட்டவரும் ஹலால் என்கிறார், நீங்களும் ஹலால் என்கிறீர்கள், உங்களுக்கு எப்படித் தம்பி கட்டுப்படியாகிறது என்று கேட்டபோதுதான் அவர் கணக்குப் புத்தகத்தை எடுத்தார்.

முதலில் சான்றிதழின் கட்டணம். ஊரில் பலர் நினைப்பது போல அது ஆயிரக்கணக்கில் போவதில்லை. இப்படிப்பட்ட சிறு உணவகத்திற்கு ஆண்டுக்கு 300 வெள்ளி என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். கடையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 சாப்பாடு, மாதத்திற்கு 26 நாள், ஆண்டுக்கு 46,800 சாப்பாடு விற்கிறது. ஒரு சாப்பாட்டுக்கு அந்தக் கட்டணம் ஒரு காசுகூட ஆகவில்லை.

அடுத்தது கோழி. ஹலால் கோழி விலை கூடியது என்ற எண்ணம் வெளிநாடுகளில் பொருந்தலாம், இங்கே அப்படியில்லை. நம் சந்தையில் விற்கும் கோழியில் மிகப் பெரும்பாலானவை முஸ்லிம் ஒருவரால் முறைப்படி அறுக்கப்பட்டவைதான், மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் கழுத்தின் பெரிய இரத்தக் குழாய்களும் ஒரே அறுப்பில் துண்டிக்கப்பட்டவைதான். நாம் தெரிந்தோ தெரியாமலோ காலமெல்லாம் அதைத்தான் வாங்கிச் சமைத்து வந்திருக்கிறோம். சான்றிதழ் எடுத்த கடைக்கு மாறுவது கோழியன்று, கோழியுடன் வரவேண்டிய ஆவணம்தான். எந்த அறுப்புக்கூடத்திலிருந்து வந்தது, அதற்குச் சான்றிதழ் உண்டா, எந்தத் தேதியில் எத்தனை கிலோ என்பவற்றுக்கு ஒவ்வொரு முறையும் ரசீது வேண்டும். முன்பு விடியற்காலையில் சந்தையில் பேரம் பேசி வாங்கியவர் இப்போது சான்றிதழுள்ள அறுப்புக்கூடத்தின் வண்டியிலிருந்து வாங்குகிறார். கிலோவுக்கு ஒரு வெள்ளி கூடுதல். ஒரு சாப்பாட்டில் வைக்கும் கோழி 150 கிராம் என்பதால் அதன் பங்கு 15 காசு.

பெரிய பங்கு சம்பளத்தில் இருக்கிறது. நான் எதிர்பாராத இடமும் அதுதான். சமையலறையில் முஸ்லிம் பணியாளர் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதுவரை அந்தச் சமையலறையில் நின்றவர்கள் உரிமையாளரின் மனைவியும் அண்ணியும். அவர்களுக்கு மாதச் சம்பளம் என்று எதுவும் கிடையாது. புதிதாக வந்தவர் அருகிலுள்ள கம்பத்தை (மலாய்க் கிராமத்தை) சேர்ந்த ஒரு மலாய்ப் பெண்மணி. ஐந்து பேருக்குக் குறைவான ஊழியர்கள் உள்ள கடைகளுக்கும் 2025 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதனுடன் ஊழியர் சேமநிதிக்கு முதலாளி கட்டும் 13 விழுக்காடும் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் சேர்ந்தால் மாதம் 1,950 வெள்ளியைத் தாண்டுகிறது. அதை 3,900 சாப்பாட்டால் வகுத்தால் ஒன்றுக்கு 50 காசு. இதை ஹலால் செலவு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அதுநாள்வரை இரண்டு பெண்கள் கூலி வாங்காமல் கொடுத்த உழைப்பினால்தான் நமக்கு 8 வெள்ளிக்குச் சாப்பாடு கிடைத்தது. சம்பளம் வாங்கும் ஒருவர் சமையலறைக்குள் வந்த பிறகே அந்த உழைப்பின் விலை பலகையில் ஏறியது. உரிமையாளரின் மனைவி இப்போது மாலை நான்கு மணிக்குப் பிள்ளைகளைப் பார்க்க வீட்டுக்குப் போகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மசாலைக்கு ஐந்து காசு என்று எழுதியிருந்தார். அந்த ஐந்து காசுக்குப் பின்னால் ஒரு வருத்தம் இருக்கிறது. தோட்டத்தில் ஓர் அக்கா வறுத்து அரைத்துக் கொடுத்த கறித்தூளைத்தான் கடை தொடங்கிய நாள் முதல் பயன்படுத்தி வந்தார்கள். மல்லியை அளவுக்குச் சற்றுக் கூடுதலாக வறுப்பது அந்த அக்காவின் பழக்கம். அந்தக் கருகலுக்கு ஒரு படி முன்னே நிற்கும் மணம்தான் இந்தக் கடையின் பிரட்டலுக்கு அடையாளம். வீட்டில் அரைத்த தூளுக்குச் சான்றிதழும் இல்லை, பொருள்களின் ஆவணமும் இல்லை. ஆகவே அதை நிறுத்த வேண்டியதாயிற்று. சான்றிதழ் முத்திரையுள்ள பொட்டலத் தூளுக்கு மாறிய முதல் இரண்டு மாதங்கள் கறியின் சுவை உண்மையிலேயே இறங்கியது. நானும் நேரில் சொன்னேன். பிறகு உரிமையாளர் மல்லி, சோம்பு, சீரகம், காய்ந்த மிளகாய் ஆகியவற்றை முழுதாக வாங்கி, கடையிலேயே வறுத்து அரைக்கத் தொடங்கினார். பழைய மணத்திற்கு நெருங்கி வந்திருக்கிறது, ஆனால் அதே மணம் என்று சொல்ல மாட்டேன். அந்த அக்காவுக்கு மாதம் கிடைத்துவந்த வருமானம் நின்றுபோனது. இவ்வாறு வீட்டிலிருந்து தொழில் செய்பவர்களும் சான்றிதழ் பெற வழி இருக்கிறது, ஆனால் விண்ணப்பம் இணையத்தின் வழியாக, மலாயிலோ ஆங்கிலத்திலோ செய்ய வேண்டியது. அறுபது வயதில் தோட்டத்துப் பெண் ஒருவர் தனியாக அதைச் செய்துவிட முடியாது. நம் சங்கங்களில் படித்தவர்கள் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி இவர்களுக்குக் கைகொடுக்க வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

ஆக 50, 15, 5, 1 என்று கூட்டினால் 71 காசு. மீதி 29 காசு ஹலாலைச் சேர்ந்ததே அன்று. முட்டை ஒன்றுக்கான மானியம் 2025 மே முதல் தேதி 10 காசிலிருந்து 5 காசாகக் குறைந்து ஆகஸ்ட் முதல் தேதியோடு முற்றாக நின்றது. கோழியின் விலைக் கட்டுப்பாடு 2023 நவம்பர் முதல் தேதியே எடுக்கப்பட்டுவிட்டது. கடை வாடகையும் கூடியிருக்கிறது. சான்றிதழ் எடுக்காத கடைகளும் இதே மாதங்களில் 50 காசு, 70 காசு என்று ஏற்றியிருக்கின்றன. ஊழியர்களுக்கான டைபாய்டு தடுப்பூசியையும் உணவு கையாளுவோருக்கான பயிற்சியையும் ஹலால் செலவில் சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு. அதுவும் சரியன்று. 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி அவை சைவக் கடை உட்பட எல்லாக் கடைகளுக்கும் உரிய கடமைகள். இந்தக் கடைக்காரர் அவற்றைத் தனிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தது எனக்கு அவர்மீது நம்பிக்கையைக் கொடுத்தது.

கணக்கில் வராத ஒன்றும் உண்டு. கடையின் உள்சுவரில் முருகன் படமும் அதன்முன் ஒரு சிறு விளக்கும் இருந்தன. உணவு கையாளும் இடத்தில் வழிபாட்டுப் பொருள்கள் இருக்கக் கூடாது என்பது சான்றிதழின் விதி. படத்தை எடுத்த அன்று உரிமையாளரின் தாயார் கடைக்கு வரவில்லை. அதன் பிறகும் பல நாள் வரவில்லை. இப்போது அவர் வீட்டுப் பூசையறையில் அதே விளக்கை ஏற்றி, திருநீறு இட்டுத்தான் மகனைக் கடைக்கு அனுப்புகிறார். இதனாலேயே அங்கு உண்பதை நிறுத்திய சில வாடிக்கையாளர்களை எனக்குத் தெரியும். அவர்களின் மனக்குறையை நான் சிறிதாக எண்ணவில்லை. ஹலால் என்றால் மாட்டிறைச்சி வந்துவிடும் என்று அஞ்சி விலகியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு உறுதியாகச் சொல்கிறேன்: அந்தக் கடையில் மாட்டிறைச்சி சமைப்பதில்லை, சமைக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் சைவத்திற்கென்று தனிப் பானைகள், தனி அகப்பைகள், தனி அடுப்பு முன்போலவே இருக்கின்றன.

உணவைப் பற்றி எழுதாமல் இதை மதிப்புரை என்று சொல்ல முடியாது. 9 வெள்ளிக்கு வாழை இலையில் சோறு, கோழிப் பிரட்டல் அல்லது கோழிக் குழம்பு, மூன்று காய்கறி, ரசம், மோர், அப்பளம், மோர் மிளகாய் வருகின்றன; சோறும் காய்கறியும் இரண்டாம் முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் வைக்கிறார்கள். பிரட்டலை ஈரம் வற்றும்வரை கிளறி, கறிவேப்பிலையைக் கடைசியில்தான் போடுகிறார்கள். துண்டின் உள்ளே உப்பு ஏறியிருக்கிறது. கருவாடு போட்ட கத்தரிக்காய், செவ்வாய்க்கிழமையைத் தவிர மற்ற நாள்களில் கிடைக்கிறது, அது தீர்வதற்குள் போய்விட வேண்டும். ரசம் இப்போது அந்த மலாய்ப் பெண்மணியின் கைப்பக்குவம். காக் (மலாயில் அக்கா) என்று எல்லாரும் அழைக்கும் அவர், மிளகையும் சீரகத்தையும் இடித்துப் போட உரிமையாளரின் அண்ணியிடம் கற்றுக்கொண்டார். முதல் மாதத்தில் புளி தூக்கலாக இருந்தது, இப்போது நான் இரண்டு குவளை கேட்டு வாங்கிக் குடிக்கிறேன்.

ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்கு 15 வெள்ளி வாங்குகிறார்கள், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளூர் ஆடு ஏறத்தாழ இரு மடங்கு விலை என்பதால் ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் உறைந்த இறைச்சியைப் பயன்படுத்துகிறார்கள். ஹலால் என்ற அளவில் அதில் ஐயப்பட ஒன்றுமில்லை. இறக்குமதியாகும் இறைச்சி, நம் கால்நடை மருத்துவச் சேவை இலாகாவும் ஜாக்கிமும் அங்கீகரித்த அறுப்புக்கூடங்களிலிருந்தே வர வேண்டும். 2020 இறுதியில் போலி ஹலால் முத்திரையுடன் உறைந்த இறைச்சி விற்ற விவகாரம் வெளிவந்த பிறகு, பெட்டியின் மீதுள்ள முத்திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது இந்தக் கடைக்காரரின் வழக்கமாகிவிட்டது. குறை சுவையில்தான். நீண்ட நேரம் வேகவைத்தும் கொழுப்பின் வாடை போகவில்லை, எலும்பும் அதிகம். அந்தப் 15 வெள்ளிக்கு ஒரு கோழிச் சாப்பாடும் ஒரு துண்டு பொரித்த மீனும் வாங்கலாம்.

வேறு குறைகளும் உண்டு. பன்னிரண்டரை முதல் இரண்டு மணிவரை உட்கார இடம் கிடைப்பது கடினம். மாணவர்கள் வரத் தொடங்கிய பிறகு கூட்டம் கூடியதே தவிர மேசைகள் கூடவில்லை. தோட்டத்திலிருந்து வரும் வயதானவர்கள் வெயிலில் நிற்பதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. கை கழுவும் இடத்தில் ஒரு குழாய் பல வாரங்களாகப் பழுதாகிக் கிடக்கிறது. மேலும் 9 வெள்ளி என்பது எல்லாருக்கும் எளிய தொகையன்று. செம்பனைக் குலை வெட்டும் ஒருவர் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்து வந்தால் தண்ணீரோடு 40 வெள்ளி ஆகிவிடும். இதை உரிமையாளரிடம் சொன்னபோது, பிள்ளைகளுக்கு அரைச் சாப்பாடு 5 வெள்ளிக்குக் கொடுப்பதாகச் சொன்னார். அது விலைப்பலகையில் இல்லை, கேட்பவர்களுக்கு மட்டுமே கிடைக்கிறது. பலகையில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

பரிசளிப்பு விழா நாளில் 140 பொட்டலங்களும் பதினொன்றே முக்காலுக்குப் பள்ளிக்கு வந்து சேர்ந்தன. தாளைப் பிரித்தபோது சோறு இன்னும் சூடாக இருந்தது. சைவம் கேட்ட 22 பேருக்குப் பச்சை நூல் கட்டித் தனியாக அடுக்கியிருந்தார்கள். மலாய் ஆசிரியைகள் இருவர் பெற்றோர்களுடன் ஒரே மேசையில் அமர்ந்து உண்டார்கள், ஒருவர் மோர் மிளகாயை இரண்டாம் முறை கேட்டார். மொத்தச் செலவு 1,330 வெள்ளி. மீதி 70 வெள்ளியைச் சங்கக் கணக்கில் வரவு வைத்துவிட்டேன்.

பொட்டலம் வேண்டுபவர்கள் மூன்று நாள் முன்பே சொல்லிப் பாதிப் பணம் கட்ட வேண்டும். ஐம்பதுக்குக் கீழ் என்றால் முதல் நாள் சொன்னாலும் போதும். பள்ளி, கோயில், ஆலை நிகழ்ச்சிகளுக்கு வாங்குபவர்கள் சான்றிதழின் நகலைக் கேட்டால் ரசீதோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். திங்கட்கிழமை கடை திறப்பதில்லை.